கிழக்கு லண்டன்: குண்டுவீச்சுக்குப் பின் தெருக்களும் மனிதர்களும்

கிழக்கு லண்டனில், நூறாண்டுக்கு மேற்பட்ட செங்கல் வீடுகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிற்கும் தெருவில், நடுவே இரண்டு மூன்று வீடுகள் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன, அதற்குப் போர்க்காலக் குண்டுவீச்சுதான் காரணமா, அப்படியென்றால் அங்கு வாழ்ந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று ஈஸ்ட் ஹாமில் அண்மையில் குடியேறிய ஒருவர் கேட்டிருக்கிறார்.

பல இடங்களில் காரணம் அதுவேதான். இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மனி நடத்திய தொடர் குண்டுவீச்சும், 1944-45இல் வந்த வி-1 பறக்கும் குண்டுகளும் வி-2 ராக்கெட்டுகளும் உண்டாக்கிய வெற்றிடங்கள் பின்னாளில் நிரப்பப்பட்டதன் அடையாளமே அந்த வேறு மாதிரி வீடுகள். ஆனால் கிழக்கு லண்டனின் இன்றைய தோற்றத்துக்கும் மக்கள் கூட்டுக்கும் குண்டுகளை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும். இடிந்த வீட்டின் சொந்தக்காரருக்கு எந்தக் கணக்கில் இழப்பீடு கொடுப்பது, காலி மனையை யார் எடுத்துக்கொள்வது, ஓர் ஏக்கரில் எத்தனை பேர் குடியிருக்கலாம் என்று அதன்பின் எடுக்கப்பட்ட முடிவுகள் குண்டுகளுக்குச் சமமாகவும், சில பகுதிகளில் அவற்றைவிடக் கூடுதலாகவும் அந்த ஊரை மாற்றின என்பது என் கருத்து. அதை விளக்கவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் கிழக்கு? தேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த துறைமுகங்கள்தான் காரணம். வாப்பிங், லைம்ஹவுஸ், பாப்லர், சில்வர்டவுன் என ஆற்றோரம் நெடுகக் கப்பல் துறைகளும், அவற்றை ஒட்டிச் சர்க்கரை ஆலை, எரிவாயு நிலையம், மரக் கிடங்கு, ரசாயனத் தொழிற்சாலை ஆகியவையும் நெருக்கியடித்து நின்றன. துறைமுக வேலை அன்றாடக் கூலி வேலை. காலையில் வாயிலில் கூடி நிற்பவர்களில் மேஸ்திரி கைகாட்டி அழைத்தவர்களுக்கு மட்டுமே அன்றைய கூலி. ஆகவே தொழிலாளி துறைமுகத்துக்கு நடை தூரத்தில் வசித்தே ஆக வேண்டும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்டெப்னி பரோவில் (பரோ என்பது லண்டனின் உள்ளாட்சி வட்டம்) மட்டும் சுமார் 2.25 லட்சம் பேர் வாழ்ந்தனர். பெரும்பாலும் இரண்டு மாடி வரிசை வீடுகள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய மெல்லிய செங்கல் சுவர்கள், ஸ்லேட் கூரை, பின்கட்டில் கழிவறை, பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொண்ட பொதுச் சுவர். குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள், அதிலும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருப்பது சாதாரணம். ஒயிட்சாப்பலைச் சுற்றி யூதர்களும், ஆற்றோரம் அயர்லாந்துக்காரர்களும், லைம்ஹவுஸில் சீன மாலுமிகளும், இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய லஸ்கர்கள் எனப்பட்ட மாலுமிகளும் இங்கேயே இருந்தார்கள். எதிரி விமானி துறைமுகத்தைக் குறிவைத்தால் குண்டு விழுவது இவர்கள் தலையில்தான்.

1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை பிற்பகலில் ஏறத்தாழ 350 குண்டுவீச்சு விமானங்கள், 600க்கும் மேற்பட்ட போர் விமானங்களின் துணையோடு ஆற்றின் வழியே மேற்கு நோக்கி வந்தன. சரே துறையில் அடுக்கியிருந்த மரம் பற்றியது; சில்வர்டவுனில் ஆலைகளும் கிடங்குகளும் எரிந்தன. அந்தத் தீயே அடையாள விளக்காகி, இருட்டிய பின் வந்த அடுத்த அலை விமானங்களுக்கு வழிகாட்டியது. நீரும் துறைகளும் சூழ்ந்த சில்வர்டவுனில் தரைவழிகள் தீயால் அடைபட்டதால் மக்களைப் படகுகளில் ஏற்றி ஆற்றின் வழியே வெளியேற்ற வேண்டியதாயிற்று. அன்று ஏறத்தாழ 430 பேர் இறந்தனர். அன்று தொடங்கி 57 இரவுகள் லண்டன் தொடர்ந்து தாக்கப்பட்டது. அந்தச் செப்டம்பர் மாதத்தில் ஒரு பகுதிக் குடும்பங்கள் தற்செயலாகத் தப்பின என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் தாய்மாரும் பிள்ளைகளும் கென்ட் மாவட்டத்துக்கு ஹாப் (பீர் வடிக்கப் பயன்படும் பூ) பறிக்கப் போவது வழக்கம். பல ஆண்டுகளாக அதுவே அவர்களுக்கு விடுமுறையாகவும் கூடுதல் வருமானமாகவும் இருந்தது. அப்படிப் போனவர்களில் பலர் அந்த ஆண்டு வயல் குடிசைகளிலேயே தங்கிவிட்டனர்.

பதுங்குமிடம் பற்றிய வரலாறு இந்தச் சமூகத்தின் நிலையைத் துல்லியமாகக் காட்டுகிறது. அரசு இலவசமாக வழங்கிய ஆண்டர்சன் பதுங்குமிடம் என்பது தோட்டத்தில் பாதி புதைத்து நிறுத்தும் நெளிதகட்டுக் கூடு. ஸ்டெப்னியில் பலருக்குத் தோட்டமே கிடையாது. அவர்களுக்காகத் தெருவிலேயே செங்கல்லால் கட்டிய பதுங்குமிடங்களில் பல, சிமென்ட் தட்டுப்பாட்டில் பிறந்த ஒரு தெளிவற்ற அரசாணையால் சிமென்ட் சேர்க்காத வெறும் சுண்ணாம்பு-மணல் கலவையில் கட்டப்பட்டிருந்தன. அருகில் குண்டு வெடித்தால் சுவர் விலகி, கான்கிரீட் கூரை அப்படியே உள்ளே இருப்பவர்கள் மேல் விழும். இதை மக்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். ஆகவே கமர்ஷியல் ரோடு அருகே டில்பரி எனப்பட்ட ரயில் சரக்குக் கிடங்கின் வளைவுகளுக்குள் சில இரவுகளில் 14,000 பேர் வரை திரண்டு படுத்தனர். தொடக்கத்தில் அங்கு கழிப்பிடமும் போதிய குடிநீரும் இல்லை. பாதாள ரயில் நிலையங்களைப் பதுங்குமிடமாகப் பயன்படுத்துவதை அரசு முதலில் தடைசெய்திருந்தது. மக்கள் மலிவான பயணச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கி, வெளியே வர மறுத்துவிட்டார்கள். சில நாட்களில் அரசு இறங்கிவந்தது. செப்டம்பர் 14 அன்று கம்யூனிஸ்ட் கவுன்சிலர் ஃபில் பிராட்டின் ஸ்டெப்னி மக்களில் ஒரு குழுவை அழைத்துக்கொண்டு மத்திய லண்டனின் சவாய் ஓட்டலுக்குள் நுழைந்து, பணக்கார விருந்தினருக்கான பதுங்குமிடத்தில் தங்களுக்கும் இடம் கேட்டார். 1945 தேர்தலில் மைல் எண்ட் தொகுதி அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், மூன்றேகால் அடி உயரமே இருந்த மிக்கி டேவிஸ் என்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஆயிரக்கணக்கானோர் தங்கிய ஒரு நிலவறையில் குழு அமைத்து, முதலுதவி, துப்புரவு, பாலும் உணவும் என ஒழுங்குபடுத்தினார். அதிகாரிகள் நியமித்த பொறுப்பாளர் வந்த பிறகும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

குண்டு மழையிலும் சிரித்துக்கொண்டே தேநீர் குடித்த மக்கள் என்ற படம் போர்க்கால விளம்பரத்தில் பெரிதாக்கப்பட்ட ஒன்று. கிழக்கு லண்டன் மக்களிடம் அச்சமும் கோபமும் நிறைய இருந்தன, அவற்றுக்குக் காரணமும் இருந்தது. கேனிங் டவுனில் சவுத் ஹால்ஸ்வில் பள்ளியில், வீடிழந்த குடும்பங்கள் தங்களை அழைத்துப் போகும் என்று சொல்லப்பட்ட பேருந்துகளுக்காகக் காத்திருந்தன. பேருந்து வரவில்லை. செப்டம்பர் 10 அதிகாலையில் பள்ளி மேல் குண்டு விழுந்தது. அரசுக் கணக்கு 77 பேர் என்றது. பல நூறு பேர் என்று ஊர் மக்கள் இன்றுவரை சொல்கிறார்கள். அந்த இடைவெளியே அதிகாரத்தின் மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையின் அளவு.

பெத்னல் கிரீனில் நடந்தது இன்னும் கொடுமையானது, ஏனென்றால் அங்கே குண்டே விழவில்லை. கட்டி முடிக்கப்படாமல் இருந்த பாதாள ரயில் நிலையம் அங்கு பதுங்குமிடமாகப் பயன்பட்டு வந்தது. சுமார் 5,000 படுக்கைகள், நூலகம், சிறு அரங்கு எல்லாம் அமைந்த ஒரு நிலத்தடி ஊராகவே அது மாறியிருந்தது. 1943 மார்ச் 3 இரவு அபாயச் சங்கு ஒலித்து மக்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த விக்டோரியா பூங்காவில் புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பெரும் ஓசையோடு ஏவப்பட்டன. குண்டு என்று நினைத்துக் கூட்டம் முன்னோக்கித் தள்ளியது. மங்கலான ஒற்றை விளக்கு, நடுவில் கைப்பிடிக் கம்பி இல்லாத ஈரப் படிகள். அடிப்படி அருகே ஒரு பெண் தடுக்கி விழ, அவர்மேல் மற்றவர்கள் விழ, சில நொடிகளில் சுமார் 300 பேர் அந்தக் குறுகிய படிக்கட்டில் அடைபட்டனர். 173 பேர் மூச்சுத்திணறி இறந்தனர், அவர்களில் 62 பேர் குழந்தைகள். அந்த நுழைவாயிலைப் பாதுகாப்பாக மாற்றப் பணம் வேண்டும் என்று பரோ கவுன்சில் முன்பே கேட்டிருந்தது, மேலிடம் மறுத்திருந்தது. விசாரணை அறிக்கை போர் முடியும் தறுவாய் வரை வெளியிடப்படவில்லை. அந்த மௌனத்தில், யூதர்கள்தான் பதறி ஓடி நெரிசலை உண்டாக்கினார்கள் என்ற பொய் வதந்தி பரவியது. விசாரணை அதை மறுத்திருந்தும் மறுப்பு மக்களைச் சென்றடைய வழியில்லை. முழுமையான நினைவுச் சின்னம் அங்கு எழுந்தது 2017இல்தான்.

இனிக் கட்டடங்களுக்கு வருகிறேன். வரிசை வீட்டுத் தெருவில் என்ன விழுந்தது என்பதைப் பொறுத்து அழிவின் வடிவம் மாறும். 50 கிலோ அல்லது 250 கிலோ வெடிகுண்டு நேராக விழுந்தால் ஒன்று முதல் நான்கு வீடுகள் வரை சரியும். பொதுச் சுவருக்கு அப்பால் உள்ள வீடு விரிசலோடு நிற்கும். சுவரின் இப்பக்கத்தில் அடுத்த வீட்டு மாடிக் கணப்பும் சுவர்த்தாளும் வெட்டவெளியில் தெரியும். நெருப்புக் குண்டு ஒன்றிரண்டு கிலோதான், ஆனால் கூரை வழியே இறங்கி மரத் தளங்களை எரித்து, சுவரை மட்டும் விட்டுவைக்கும். தேவாலயங்களும் கிடங்குகளும் பெரும்பாலும் இப்படித்தான் அழிந்தன. பாராசூட்டில் இறங்கிய கண்ணிவெடி தரையில் புதையாமல் வெடிப்பதால் அதிர்வலை தெரு முழுவதையும் படுக்கவைத்துவிடும். வி-1 பறக்கும் குண்டும் அப்படியே. லண்டனில் விழுந்த முதல் வி-1, 1944 ஜூன் 13 அன்று போ பகுதியில் குரோவ் ரோட்டில் ரயில் பாலத்தின் மேல் விழுந்து ஆறு பேரைக் கொன்றது. வி-2 ராக்கெட் ஒலியைவிட வேகமாக வந்ததால் எச்சரிக்கையே கிடையாது. சுமார் ஒரு டன் வெடிமருந்து ஆழமாகப் புதைந்து வெடித்துப் பெரும் பள்ளத்தை உண்டாக்கும். நகர மையத்துக்குக் குறிவைத்தவற்றில் பல தூரம் குறைந்து கிழக்கிலேயே விழுந்ததால் இல்ஃபோர்ட், பார்கிங், வெஸ்ட் ஹாம் பகுதிகள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. ஆகவே இடைவெளி இரண்டு வீட்டு அகலம் என்றால் ஒரு கதை. தெருவின் இரு பக்கமும் சேர்ந்து வட்டமாகப் புதிதாக இருந்தால் வேறு கதை.

அன்று லண்டன் நகரை நிர்வகித்த லண்டன் கவுன்டி கவுன்சிலின் கட்டடக் கலைப் பிரிவு இந்த அழிவை வீடு வீடாக வரைபடத்தில் கையால் வண்ணம் தீட்டிப் பதிவுசெய்தது. முற்றிலும் அழிந்தது கறுப்பு, சீர்செய்ய இயலாதது ஊதா, சீர்செய்வது ஐயம் என்பது அடர்சிவப்பு, கடுஞ்சேதம் ஆனால் சீர்செய்யலாம் என்பது வெளிர்சிவப்பு, பொதுவான அதிர்வுச் சேதம் ஆரஞ்சு, சிறு சேதம் மஞ்சள். வி-1 விழுந்த இடம் பெரிய வட்டம், வி-2 சிறிய வட்டம். அந்தத் தாள்களைக் கூர்ந்து பார்ப்பவர் இன்னொரு நிறத்தையும் காண்பார். அது வெளிர்பச்சை, அதாவது இடித்துவிட ஒதுக்கப்பட்ட பகுதி. குண்டு அழித்ததும் நிர்வாகம் அழிக்க நினைத்ததும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. போருக்கு முன்பே 1930களில் நெரிசல் குடியிருப்புகளை இடிக்கும் வேலை தொடங்கியிருந்தது. போர் அந்த வேலைக்கு வேகத்தையும், எதிர்ப்பற்ற காலி மனையையும், புதிய சட்டத்தையும் கொடுத்தது.

சட்டங்கள் சலிப்பூட்டலாம், ஆனால் தெருக்களின் தலையெழுத்து அவற்றில்தான் இருக்கிறது. 1941ஆம் ஆண்டுப் போர்ச்சேதச் சட்டம் இருவகை இழப்பீட்டை வைத்தது. சீர்செய்யக்கூடிய வீடு என்றால், பழையபடி கட்டுவதற்கான செலவு கொடுக்கப்படும். முழு அழிவு என்று முடிவானால், 1939ஆம் ஆண்டு விலையை அடிப்படையாகக் கொண்டு இழந்த மதிப்பு மட்டும் கொடுக்கப்படும். முதல் வகையில் வந்த வீடு முன்பிருந்த அதே அளவில், அதே மனையில், வரிசையை விட்டு விலகாமல் மீண்டும் எழுந்தது. உங்கள் தெருவில் ஜன்னலும் செங்கல் நிறமும் மட்டும் மாறி, உயரமும் அகலமும் மாறாமல் நிற்கும் வீடுகள் பல இப்படி எழுந்தவையே. இரண்டாம் வகையில் வீட்டுக்காரருக்குப் பழைய வாடகை வீட்டைத் திரும்பக் கட்டுவதில் எந்த ஆதாயமும் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு மனையைக் கவுன்சிலிடம் விட்டுவிடுவதே அவருக்கு எளிது. குடியிருந்தவருக்குக் கட்டடத்தில் பங்கில்லை, ஆகவே அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. 1944ஆம் ஆண்டு நகர்த் திட்டமிடல் சட்டம் குண்டுவீச்சுப் பகுதிகளையும், அவற்றோடு சேர்ந்த பழுதான பகுதிகளையும் மொத்தமாகக் கையகப்படுத்தும் உரிமையை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. மூன்று வீடுகள் விழுந்த தெருவில் மீதி முப்பது வீடுகளும் இடிக்கப்பட வழி திறந்தது அப்போதுதான்.

எதைக் கட்டுவது என்பதை நகர்த் திட்ட வல்லுநர்களான ஃபோர்ஷாவும் ஆபர்குரோம்பியும் 1943இல் தந்த லண்டன் கவுன்டித் திட்டம் வகுத்திருந்தது. ஸ்டெப்னியையும் பாப்லரையும் ஒரே மறுநிர்மாணப் பகுதியாகக் கருதி, அதைப் பதினொரு குடியிருப்பு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பள்ளி, கடைவீதி, பூங்கா என்று ஒதுக்கினார்கள். ஏக்கருக்கு 136 பேர் என்பது அடர்த்தி வரம்பு. வெளிச்சமும் திறந்தவெளியும் குழந்தைகள் விளையாட இடமும் வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த எண் அது, அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எண்ணை ஏற்றுக்கொண்ட கணமே, போருக்கு முன் அங்கிருந்தவர்களில் பெரும்பகுதியினர் திரும்பி வர இடமில்லை என்றாகிவிட்டது.

அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். பாப்லரில் குண்டுகளால் பெரிதும் அழிந்த வட்டாரத்தில் லான்ஸ்பரி குடியிருப்பு எழுந்தது. ஏழைகளுக்கான உதவிச் சுமையைச் செல்வப் பகுதிகளும் பகிர வேண்டும் என்று 1921இல் போராடிச் சிறை சென்ற பாப்லர் கவுன்சிலர்களின் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரியின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1951ஆம் ஆண்டு பிரிட்டன் விழாவின்போது, மக்கள் வாழும் கட்டடங்களையே கண்காட்சியாக்கி அதைத் திறந்து காட்டினார்கள். எப்படிக் கட்டக்கூடாது என்பதற்கு, விரிசலும் சாய்ந்த புகைபோக்கியுமாக வேண்டுமென்றே கோணல்மாணலாகக் கட்டிய ஒரு மாதிரி வீடும் அங்கே இருந்தது. ஃபிரெடரிக் கிபர்ட் வடிவமைத்த கிறிஸ்ப் ஸ்ட்ரீட் சந்தை வாகனம் நுழையாத சதுக்கம். தெருவோரத்தில் தள்ளுவண்டியில் விற்றுவந்தவர்களுக்கு அதில் இடம் கொடுத்து, சுற்றிலும் கடைகள், கடைகளுக்கு மேல் வீடுகள், ஒரு மூலையில் ஏறிப் பார்க்கும்படி மணிக்கூண்டு என்று அமைத்தார்கள். வீடுகளுக்கு மஞ்சள் கலந்த லண்டன் செங்கல்லும் ஸ்லேட் கூரையும் போட்டார்கள். பக்கத்தில் தப்பி நின்ற பழைய தெருக்களோடு அவை ஒட்டிப்போகின்றன. உயர்ந்த பிளாட்டுகளும் ஆறு மாடிக்குள். குளியலறையே கண்டிராத குடும்பங்களுக்கு வெந்நீர்க் குழாயும் உள்ளேயே கழிவறையும் கிடைத்தன. அன்றைய கட்டடக் கலை விமர்சகர்கள் சிலர் இதை மந்தம் என்று குறைகூறினார்கள். எழுபது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, பின்னால் வந்த பலவற்றைவிட இதுவே நன்றாக நிலைத்திருக்கிறது.

பின்னால் வந்தவை வேறு. வீட்டுப் பஞ்சத்தைத் தற்காலிகமாகச் சமாளிக்க 1944 சட்டத்தின்கீழ் நாடெங்கும் தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்த தயார்நிலை வீடுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் நிறுத்தப்பட்டன. பத்தாண்டு ஆயுள் என்று சொன்னவற்றில் சில அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றன, குடியிருந்தவர்களும் அவற்றை விரும்பினார்கள். 1956இல் வந்த மானியச் சட்டம் கட்டடம் உயர உயரக் கவுன்சிலுக்குக் கூடுதல் பணம் என்றது. அதோடு தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டும் முறையும் சேர்ந்தது. 1965இல் வெஸ்ட் ஹாமும் ஈஸ்ட் ஹாமும் இணைந்து உருவான நியூஹாம் பரோ, கேனிங் டவுனில் கட்டிய 22 மாடி ரோனன் பாயிண்ட், திறக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு மாதமே ஆகியிருந்த 1968 மே 16 அன்று காலை, 18ஆம் மாடியில் ஒருவர் எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தபோது வெடித்து, ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தனர். ஒரு பலகை பெயர்ந்தால் அடுத்ததைத் தாங்க எதுவுமில்லாத கட்டுமானம் அது. குண்டுவீச்சில் ஒரு சுவர் போனபின்பும் நின்ற பழைய செங்கல் வீடுகளை இடித்த ஊரிலேயே இது நடந்தது என்பது அங்கு எவருக்கும் மறக்கவில்லை. 1986இல் அதைப் பிரித்தெடுத்தபோது பலகை இணைப்புகளுக்குள் கலவைக்குப் பதில் பழைய செய்தித்தாள் திணித்திருந்தது தெரியவந்தது. அந்த இடத்தில் பிறகு கட்டியவை இரண்டு மாடி வீடுகள்.

மக்கள் என்ன ஆனார்கள்? 1931இல் 2.25 லட்சமாக இருந்த ஸ்டெப்னி, 1951இல் ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பாப்லரும் பெத்னல் கிரீனும் ஏறத்தாழ அதே விகிதத்தில் பாதியாயின. இறந்தவர்களால் இந்தக் குறைவு வரவில்லை. லண்டன் முழுவதிலுமே போரில் இறந்த பொதுமக்கள் சுமார் 30,000 பேர். மற்றவர்கள் போனவர்கள்: பிள்ளைகளோடு கிராமங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், தொழிற்சாலை இடம்பெயர்ந்ததால் கூடவே போனவர்கள், உறவினர் வீட்டில் ஒண்டியவர்கள். திரும்ப நினைத்தபோது வீடும் தெருவும் இல்லை. கவுன்சில் பட்டியலில் காத்திருந்து, இடம் கிடைத்தபோது அது லண்டனுக்கு வெளியே, எசெக்ஸின் புதுநகர்களான ஹார்லோவிலோ பாசில்டனிலோ இருந்தது. 1950களில் பெத்னல் கிரீனிலிருந்து எசெக்ஸின் புதிய குடியிருப்புகளுக்குப் போனவர்களிடம் பேசிய சமூகவியலாளர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: வீடு நன்றாக இருக்கிறது, அம்மா தூரத்தில் இருக்கிறாள். திருமணமான மகள் தாய்வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பதும், வாடகை வசூலிக்க வருபவரிடம் தாய் சொல்லி மகளுக்கு வீடு பிடித்துக் கொடுப்பதும்தான் அந்தச் சமூகம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட வழி. கவுன்சில் தேவையின் அளவைப் பார்த்து வீடு ஒதுக்கியது. அது நியாயமான முறைதான், ஆனால் அதில் பழைய வழிக்கு இடமில்லை.

யூதச் சமூகத்தில் இந்த மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. வசதி வந்தவர்கள் போருக்கு முன்பே வடக்கு நோக்கி நகரத் தொடங்கியிருந்தார்கள். குண்டுவீச்சு அந்த நகர்வை ஓட்டமாக்கியது. ஆல்ட்கேட் அருகே இருந்த பெரிய ஜெபக்கூடம் 1941 மே மாதத் தாக்குதலில் அழிந்தது. 1945 மார்ச் 27 காலை, லண்டனில் விழுந்த கடைசி ராக்கெட்டுகளில் ஒன்று ஸ்டெப்னி வாலன்ஸ் ரோட்டில் ஹியூஸ் மேன்ஷன்ஸ் என்ற மூன்று தொகுதிக் குடியிருப்பின் நடுத்தொகுதியை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. 134 பேர் இறந்தனர், அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். ஐரோப்பாவில் போர் முடிய அப்போது ஆறு வாரமே இருந்தது. அதன்பின் கோல்டர்ஸ் கிரீன், ஸ்டாம்ஃபோர்ட் ஹில், இல்ஃபோர்ட் ஆகிய இடங்களில் வாழ்வு அமைத்துக்கொண்டவர்கள் ஒயிட்சாப்பலுக்குக் கடைக்கு வந்தார்கள், குடியிருக்க வரவில்லை. அவர்கள் விட்டுப்போன தையல் பட்டறைகளிலும் மலிவான அறைகளிலும்தான் வங்காளிகள் தொழில் தொடங்கினார்கள்.

ஒயிட்சாப்பலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த வெள்ளைத் தேவாலயத்தின் வழிவந்த புனித மேரி ஆலயம் 1940 டிசம்பரில் எரிந்தது. மீண்டும் கட்டப்படவில்லை, அந்த நிலம் பூங்காவாயிற்று. 1978 மே 4 மாலை அல்தாப் அலி என்ற இளம் வங்காளித் தையல் தொழிலாளி அதன் அருகே இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள். இன்று அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர். புல்தரையில் பழைய ஆலயத்தின் அடிச்சுவடு கல்லால் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மூலையில் 1952 வங்க மொழிப் போராட்டத்தில் உயிர்நீத்தவர்களுக்கான டாக்கா நினைவுச் சின்னத்தின் சிறுவடிவம் நிற்கிறது. குண்டுவீச்சு இந்தச் சமூகத்தை எப்படி மாற்றியது என்று கேட்பவரை நான் முதலில் அழைத்துப் போக விரும்பும் இடம் அது.

ஈஸ்ட் ஹாமில் தமிழர்கள் கூடியதற்கும் இந்த வரலாற்றோடு ஒரு தொடர்பு உண்டு என்று கருதுகிறேன். ஈஸ்ட் ஹாமின் வட பகுதி ஆற்றிலிருந்து விலகியிருந்தது. அங்கிருந்த வீடுகள் பெரும்பாலும் 1890களுக்குப் பின் கட்டியவை, ஸ்டெப்னி வீடுகளைவிடப் புதியவை. ஆகவே குண்டுக்கும் இடிப்பு ஆணைக்கும் அவை பெருமளவு தப்பின. 1980களில் இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களுக்குக் கவுன்சில் பட்டியலில் முன்னிடம் கிடைப்பது எளிதல்ல. தனியாரிடமிருந்து வாடகைக்கோ, சேர்ந்து பணம் போட்டு விலைக்கோ எடுக்கக்கூடிய மலிவான வரிசை வீடுகள் மிஞ்சியிருந்த பகுதிகளில் ஈஸ்ட் ஹாமும் மேனர் பார்க்கும் முக்கியமானவை. இடிக்கப்படாத தெருதான் புதியவரை ஏற்றுக்கொண்டது.

மிச்சங்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஷாட்வெல் அருகே கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மூர் கட்டிய புனித ஜார்ஜ் ஆலயத்தின் உட்புறம் 1941இல் எரிந்துபோனது. 1964இல் அந்த வெளிச்சுவர்களுக்குள்ளேயே சிறிய புதிய ஆலயத்தைக் கட்டினார்கள். பழைய வாசலில் நுழைந்தால் வானம் தெரியும் முற்றம், அதற்கப்பால் கண்ணாடிச் சுவர். கவுன்சில் குடியிருப்புகள் சிலவற்றின் முன் உள்ள கம்பிவலை வேலியைக் குனிந்து பாருங்கள்; சட்டத்தின் இரு முனைகளிலும் ஒரு சிறு வளைவு இருக்கும். காயப்பட்டவர்களைத் தூக்கப் போர்க்காலத்தில் செய்த இரும்புத் தூக்குக் கட்டில்கள் அவை. தரையில் வைக்கும்போது கால் ஊன்றவே அந்த வளைவு. எரிந்த வீடுகளின் இடிபாடுகள் ஹாக்னி மார்ஷஸ் சதுப்பை உயர்த்தப் பயன்பட்டன; அதன்மேல்தான் இன்று ஞாயிறுதோறும் கால்பந்து ஆடுகிறார்கள். வெடிக்காத குண்டுகளும் வெளிவந்தபடி இருக்கின்றன. 2018 பிப்ரவரியில் கிங் ஜார்ஜ் துறையில் 500 கிலோ குண்டு ஒன்று கிடைத்ததால் லண்டன் சிட்டி விமான நிலையத்தையே ஒரு நாள் மூடினார்கள்.

உங்கள் தெருவைப் பற்றி உறுதிசெய்ய ஓர் எச்சரிக்கையோடு தொடங்குங்கள்: நான் சொன்ன வண்ண வரைபடங்கள் அன்றைய லண்டன் கவுன்டிக்கு மட்டுமானவை. ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் அப்போது அதற்கு வெளியே, எசெக்ஸில் இருந்தன. அவற்றுக்கு நியூஹாம் கவுன்சிலின் ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். போருக்கு முந்தைய அரசு நில அளவை வரைபடத்தையும் 1950களின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வீட்டெண்கள் இடையில் காணாமல் போயின என்பது தெரியும். பிந்தைய வரைபடத்தில் அந்த மனை காலியாகவோ இடிபாடாகவோ குறிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் குண்டுதான். வீடு அப்போது முழுதாக நின்று, 1960களின் வரைபடத்தில் மறைந்திருந்தால் அதை இடித்தது கவுன்சிலாக இருக்கக்கூடும்.